புகைப்படத்தின் முகவரி

என் வேலை என்னவென்று விளக்கி நான் யாரிடமும் ஜெயித்ததில்லை. கரமனையில் எங்கள் தெருவுக்கு நான் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரி, அவ்வளவுதான். ஆனால் அந்த மழைக்காலத்தில் ஒருத்திக்கு மட்டும் உட்காரவைத்து விளக்க வேண்டி வந்தது. எங்கள் அலுவலகத்தில் தரை துடைக்கிற பெண். ஆலங்குளம் பக்கத்துக்காரி. மலையாளிகள் நிறைந்த எங்கள் மாடியில் தமிழ் பேச அவளுக்கு நான், எனக்கு அவள்.

அவள் கணவர் பைபாஸ் ஓரம் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடி ஒன்றில் கம்பி கட்டும் வேலை பார்த்தார். ஒரு காலையில் பல் தேய்க்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரி வரைகூடத் தாங்கவில்லை. காரியத்தன்று மாலை போட அவளிடம் இருந்தது கல்யாணப் படம் ஒன்றுதான். பிறகு எடுத்த படங்களெல்லாம் கைபேசியோடு தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து போயிருந்தன. ஆதார் அட்டையில் இருந்தது, நம் எல்லோருக்கும் போலவே, ஒரு கறுப்பு நிழல்.

"கல்யாணப் படத்துல அவுகளுக்கு மீசையே சரியா மொளைக்கலக்கா. பவுடர அப்பிக்கிட்டு யாரோ மாதிரி இருக்காவ. மக பாத்துட்டு, இது எங்கப்பா இல்லங்கா" என்றாள். மகளுக்கு மூன்று வயது. அந்தப் படத்தின் பக்கமே போவதில்லையாம்.

பிறகு அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். "சைட்டு கேட்டுல சேக்கும்போது எல்லாருக்கும் போட்டோ புடிச்சாவளாம். அது ஒங்க ஆபீஸு கம்ப்யூட்டர்லதான் கெடக்குன்னு மேஸ்திரி சொல்லுதாவ. அத மட்டும் எடுத்துத் தாங்கக்கா. ஆரியசாலைக் கடையில படத்துக்குச் சட்டம்கூட வாங்கி வச்சிட்டேன்."

மேஸ்திரி சொன்னது உண்மை. அந்தக் கட்டட சைட்டின் டேட்டாபேஸைப் பராமரிப்பது நான்தான். தேடினேன். அவள் கணவர் அதில் இல்லை. அவரோடு வேலை பார்த்த ஒருவருமே இல்லை. மேஸ்திரியும் இல்லை.

டேட்டாபேஸ் என்பது பெரிய மாயம் ஒன்றுமில்லை. கட்டம் போட்ட அட்டவணைகள், அவ்வளவுதான். மேஸ்திரிகளுக்கு ஒன்று, தொழிலாளர்களுக்கு ஒன்று. ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஓர் எண். பெயரை நம்ப முடியாது. எங்கள் பக்கத்திலிருந்து ஒரே குலசாமியின் பெயரோடு ஒரு லாரி நிறைய ஆள் வந்து இறங்குவார்கள். அதனால் எண்தான் ஆள். தொழிலாளியின் வரியில் அவருடைய மேஸ்திரியின் எண்ணும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஓர் அட்டவணையிலிருந்து இன்னொன்றுக்குப் போவோம்.

இதில் ஒரு கறாரான விதி உண்டு. இல்லாத மேஸ்திரியின் எண்ணைச் சுமந்துகொண்டு எந்தத் தொழிலாளியின் வரியும் நிற்கக் கூடாது. ஆகவே மேஸ்திரியை நீக்கினால் என்ன செய்வதென்று முன்பே சொல்லி வைக்க வேண்டும். கீழே ஆள் இருக்கிறது, நீக்க மாட்டேன் என்று மறுக்கச் சொல்லலாம். இல்லாவிட்டால் கீழே இருக்கிற எல்லோரையும் சேர்த்து நீக்கு என்று சொல்லலாம். எனக்கு முன்னால் இதை வடிவமைத்த புண்ணியவான் இரண்டாவதைச் சொல்லி வைத்திருந்தார். சைட்டின் வழக்கத்தைப் பார்த்துத்தான் செய்திருப்பார். அங்கே ஆள் வருவது மேஸ்திரி மூலம்தான். மேஸ்திரி கோபித்துக்கொண்டு கிளம்பினால் கூட்டமே பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும்.

அப்படித்தான் கிளம்பியிருக்கிறார்கள். கம்பி கட்டுகிறவர் இறந்த சில நாட்களில் மேஸ்திரி தன் ஆட்களோடு பொன்முடிச் சாலையில் தடுப்புச்சுவர் கட்டப் போய்விட்டார். சைட் ஆபீஸில் யாரோ ஒழுங்கான மனிதர், போனவர் பெயர் எதற்கு என்று மேஸ்திரியை நீக்கியிருக்கிறார். உயிரோடு இருந்தவர்களும் செத்தவரும் ஒன்றாகப் போய்விட்டார்கள்.

"சேச்சி, அது டிலீட் ஆயிப் போயி. இனி கிட்டில்லா, கேட்டோ" என்றார் பக்கத்து இருக்கைக்காரர், வாழைக்காய் வறுவலைக் கொறித்தபடி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிடைக்காது என்று சொல்வதற்கு நான் எதற்கு? அழிந்ததை மீட்பதற்குத்தானே தினமும் பேக்கப் என்று நகல் எடுத்து வைக்கிறேன். மேலாளரிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கினேன். மேஸ்திரியை நீக்குவதற்கு முந்தைய நகலைச் சும்மா கிடந்த ஒரு மெஷினில் ஏற்றினேன்.

வரி வந்தது. பெயர், வயது, ஊர், ரத்த வகை, அடையாளக் குறி. கடைசிக் கட்டத்தில் புகைப்படம். அதில் படம் இல்லை. படம் எந்த டிஸ்க்கில், எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் இருக்கிறது என்ற முகவரி மட்டும் இருந்தது. கனமான படங்களை யாரும் அட்டவணைக்குள் திணிப்பதில்லை. வெளியே வைத்துவிட்டு முகவரியை மட்டும் எழுதுவோம். நான் நகல் எடுப்பது அட்டவணைகளை. படங்கள் என் பொறுப்பில் இல்லை.

அந்த முகவரிக்குப் போய்ப் பார்த்தேன். ஃபோல்டர் காலி. எந்த வரிக்கும் சொந்தமில்லாத படங்களைத் தேடிப் பெருக்கித் தள்ள ஒரு புரோகிராம் தானாக ஓடுகிறது. வரி போனதும் படம் அநாதையாகிவிட்டது. அதுவும் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. எல்லோரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள். அழுகை வந்தது.

மதியம் அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இதுல என்னதான்க்கா எழுதியிருக்கு? வாசிங்க."

வாசித்தேன். அடையாளக் குறி, வலது புருவத்தில் தழும்பு என்றதும் நிறுத்தச் சொன்னாள்.

"அது செண்ட்ரிங் பலகை பட்டது. கல்யாணத்துக்குப் பொறவு. மக ராத்திரி அதத் தடவிக்கிட்டேதான் தூங்குவா." பிறகு, "கல்யாணப் படத்துல அது இல்ல. அத மட்டும் போட்டுத் தர முடியுமாக்கா?" என்றாள்.

படம் வரைகிற ஆள் இல்லை நான். ஆனாலும் மறுநாள் அவள் கொண்டுவந்த படத்தை ஸ்கேன் செய்து, எந்த இடம், எவ்வளவு நீளம் என்று அவளைக் கேட்டுக் கேட்டு, அந்த மீசை முளைக்காத முகத்தின் புருவத்தில் வெளிறிய கோடு ஒன்றை இழுத்தேன். "கொஞ்சம் கீழ. ம், அங்கதான்" என்றாள். ஆரியசாலையில் ஒரு கடையில் பிரிண்ட் போட்டுச் சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் அவள் வாளியோடு வரும்போதே கேட்டேன். "மக பாத்தாளா?"

"பாத்தாக்கா. கிட்டக்க வந்தா. புருவத்துல வெரல வச்சுத் தடவுனா." தரைத் துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள். "கண்ணாடிதான. வெரல்ல தழும்பு ஒண்ணும் தட்டல. கைய எடுத்துட்டு அந்தால போயிட்டா."