காகிதம்னா கீழே

எங்க மலையில ‘கீழ போறேன்’னு ஒருத்தர் சொன்னா, எதுக்குன்னு கேக்க மாட்டோம். காகிதத்துக்குத்தான். சாதிச் சான்றோ பட்டாவோ, மலையை விட்டு எறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி, கள்ளக்குறிச்சி தாலுக்கா ஆபீசுல போய் நிக்கணும். எங்க மாமனார் காலத்துலேர்ந்து இதான் பழக்கம்.

அப்புறம் மாவட்டத்தைப் பிரிச்சாங்க. விழுப்புரத்தை விட்டுத் தனியா, கள்ளக்குறிச்சியே மாவட்டமாச்சு. கல்வராயன்மலை தனித் தாலுக்காவாகி, வெள்ளிமலையில ஆபீசும் வந்துச்சு. அதுக்கு மனு குடுக்கப் போனப்போ பொம்பளைங்கள்ல முன்னாடி நின்னு வாயாடினவ நான்தான். அப்படிப்பட்டவ பண்ண வேலையைக் கேளுங்க.

எங்க ஊரு அங்கன்வாடியில உதவியாளர் வேலைக்கு ஆள் எடுத்தாங்க. கெடைச்சா ஊரோட இருக்கலாம். இல்லைன்னா பொண்ணை ஹாஸ்டல்ல விட்டுட்டு, வூட்டுக்காரர்கூட கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போகணும். அவளுக்கு ஆறு வயசு. எல்லாம் தயாரா வெச்சிருந்தேன், இருப்பிடச் சான்று மட்டும் தாசில்தார் கிட்ட நின்னுக்கினு இருந்துச்சு. விண்ணப்பம் குடுக்க அன்னிக்குத்தான் கடைசி நாளு. நேர்லயே கேட்டு வாங்கிடலாம்னு நானும் வூட்டுக்காரரும் மொத பஸ் ஏறினோம்.

வெள்ளிமலையில பஸ் பத்து நிமிஷம் நின்னுச்சு. எறங்கி டீ குடிச்சோம். எதிர்ல புது போர்டு பளபளன்னு இருந்துச்சு. ‘பாருங்க, நம்ம தாலுக்கா ஆபீசு’ன்னு அவருக்குப் பெருமையா காட்டினேன். அவரும் தலையாட்டினாரு. டம்ளரைக் குடுத்துட்டு மறுபடி அதே பஸ்ல ஏறிட்டோம்.

கள்ளக்குறிச்சியில வரிசையில நின்னு, எங்க முறை வந்ததும் அங்க இருந்த அம்மா காகிதத்தைப் பாத்தாங்க. “உங்க ஆபீசு வெள்ளிமலையில இருக்கே, இங்க இன்னாத்துக்கும்மா வந்தீங்க?”

காகிதத்தை வாங்கிக்கினு வெளிய வந்து அவர் மேல பாஞ்சேன். “உங்களுக்காச்சும் புத்தி வேணாமா?”

“நீ ஏறின, நானும் ஏறினேன்”னாரு மனுஷன், வாழைப்பழம் உரிச்சிக்கினே.

திரும்பி மேல போற பஸ் ஒவ்வொரு வளைவுலயும் மூச்சு வாங்குது. கையெழுத்து வாங்கி, அதே வெள்ளிமலையில இருக்கற அங்கன்வாடி ஆபீசுல அஞ்சு மணிக்குள்ள விண்ணப்பத்தையும் குடுத்தாகணும். யாராச்சும் நடுவழியில கை காட்டினா எனக்குக் கொலைவெறி வந்துச்சு. ஆபீசுக்குள்ள ஓடினப்போ மணி நாலு. ஒரு ஈ காக்கா இல்ல.

“காலையிலேர்ந்து சும்மாதாம்மா உக்காந்துக்கினு இருக்கேன். எல்லாரும் கீழ போய்ட்டு இந்த பஸ்லதான் வர்றாங்க”ன்னாரு கிளார்க்கு. திரும்பிப் பாத்தா, எங்க பின்னாலயே அதே பஸ்லேர்ந்து எறங்கின நாலு பேரு. ஒருத்தரும் ஒருத்தர் மூஞ்சைப் பாக்கலை.

அஞ்சு மணிக்குள்ள குடுத்துட்டேன். வேலையும் கெடைச்சுது. அந்த வருஷம் மிளகுக்கு அவரு மட்டும் கெளம்பினாரு. வழியனுப்பப் போனப்போ பொண்ணு என் முந்தானையைக் கெட்டியா பிடிச்சிக்கினு, “நீ ஏற மாட்டியேம்மா?”ன்னு கேட்டா. பஸ் கண்ணுக்கு மறையற வரைக்கும் அவ கையை எடுக்கவே இல்ல.