அம்மாவின் எச்சில்

அந்த ஸ்காட்லாந்துக்காரிக்குப் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை எடுத்துக் கொடுத்தது நான்தான். திருவனந்தபுரத்தில் எங்கள் சபை அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். மலைப்பக்கத்துச் சபைகளின் பதிவேடுகளும் எங்களிடம்தான் உள்ளன. அவளுக்கு அறுபது வயதிருக்கும். கொள்ளுத்தாத்தா பொன்முடிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் துரையாக இருந்தவராம். அவருக்கு இங்கே ஒரு பிள்ளை உண்டென்று குடும்பத்தில் அரசல்புரசலாகப் பேச்சு. அதைத் தேடி வந்திருந்தாள்.

மூன்றாம் நாள், தகப்பன் பெயர் எழுதாமல் விட்டிருந்த ஒரு வரியில் விரலை வைத்தாள். எட்டிப் பார்த்தேன். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, ஊர் விதுரா. தாயின் பெயர் இருந்த இடத்தைப் பூச்சி அரித்திருந்தது. அந்தக் குழந்தை என் அம்மாவைப் பெற்ற அப்பா.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

டிஎன்ஏ சோதனைக் குழாய் அவள் பெட்டியிலேயே இருந்தது. அதில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால், அவளுடையதோடு ஒப்பிட்டு இரத்த உறவா என்று சொல்லிவிடுவார்களாம். அம்மா ஒரு தலைமுறை நெருக்கம் என்பதால் அம்மாவின் எச்சில்தான் வேண்டும் என்றாள். யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்வதாக வாக்கும் கொடுத்தாள்.

அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. தன் தாத்தா தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, இளவயதில் இறந்துபோனார் என்பதுதான் அவள் இத்தனை காலம் வெளியில் சொல்லிவந்தது.

“எனக்க அப்பன பள்ளிக்கூடத்துல என்ன சொல்லி விளிச்சானுவன்னு ஒனக்குத் தெரியுமா? சாவதுக்கு முந்தி எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு.”

“வெளிய யாருக்கும் தெரியாதும்மா. அவ வாக்கு தந்திருக்கா.”

“அவளுக்க வாக்கு எனக்கு வேண்டாம். நீ சொல்லு.”

“நான் சொல்லுதேன்.”

எண்பது வயதில் அம்மாவின் வாய் உலர்ந்து கிடந்தது. நார்த்தங்காய் ஊறுகாயை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாகத் துப்பிக் குழாயில் கோடுவரை நிரப்பினாள். பிறகு, வீட்டுக்கு வந்திருந்த ஸ்காட்லாந்துக்காரியோடு சோபாவில் உட்கார்ந்து அம்மா படமெடுத்துக்கொண்டாள். தன் பாட்டியின் பெயரைக்கூடச் சொன்னாள். நானே அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, உறவு பொருந்திவிட்டது என்று கடிதம் வந்தது. அடுத்த வாரமே அவள் இணையத்தில் தன் பக்கத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டாள். அம்மாவின் படம். துரைக்கும் ஒரு கூலிப்பெண்ணுக்கும் முறைதவறிப் பிறந்த வழி என்று ஒரு வரி. நன்றி சொல்கிறேன் என்று என் பெயரையும் அதில் கோத்துவிட்டதால் என் சிநேகிதர்கள் அத்தனை பேருக்கும் அது போய்விட்டது. கீழே ஒரு குடும்ப மரம். அம்மாவின் பாட்டிக்கான கட்டத்தில் ‘பெயர் தெரியாத தமிழ்ப் பெண்’ என்றிருந்தது.

அதை நான் பார்ப்பதற்குள் ஞாயிறு ஆராதனை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம், “அக்கா, நீங்க வெள்ளக்கார சாயிப்பு குடும்பமாக்கும். இவ்வளவு நாளா பறயவே இல்லியே?” ஆசீர்வாதத்துக்கு முன்பே அம்மா எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நான் ஸ்காட்லாந்துக்காரிக்குக் கோபமாக எழுதினேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, நீங்கள் பெருமைப்படுவீர்கள் என்றல்லவா நினைத்தேன், இது என் குடும்பத்தின் கதையும்தானே என்று பதில் வந்தது. படத்தை மட்டும் நீக்கினாள். அம்மாவின் பாட்டி பெயரை ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு, இன்னும் ஒரு ஆதாரம் கிடைக்கட்டும் என்றாள். அம்மாவின் எச்சில் போதுமானதாக இருந்தது அவளுக்கு. அம்மாவின் சொல் போதவில்லை.

வீட்டில் ஸ்காட்லாந்துக்காரியைத் திட்டித் தீர்த்தேன். சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னாள்:

“அவ யாரோ. அவளுக்கு நான் யாரு? வாக்கு தந்தது நீயாக்கும்.”

அதற்குப் பிறகும் அம்மா என்னோடு பேசுகிறாள். மாத்திரை தீர்ந்ததைச் சொல்கிறாள், பஸ்ஸில் நெரிசலா என்று கேட்கிறாள். சபைக்கு மட்டும் காலை முதல் ஆராதனைக்கே போய்விடுகிறாள். அங்கே தெரிந்தவர்கள் குறைவு. போன வாரம் பேச்சுவாக்கில், அவள் அப்பா கல்லாற்றில் நீச்சல் பழகியது எந்த வயதில் என்று கேட்டேன். முன்பு எத்தனையோ முறை அவளே சொல்லிச் சிரித்த கதை.

“எனக்கு ஒண்ணும் ஓர்மையில்ல மக்களே,” என்றாள்.