ரூத்தும் கோதுமையும்

அறுபதுகளின் கடைசியில், எங்கள் ஓசூர் சபையில் திருவிருந்தில் அப்பமும் ரசமும் பெற முன்னதாகவே பேர் கொடுக்க வேண்டும். எழுதுகிறவன் நான். வேப்பனப்பள்ளியிலிருந்து ஒரு விதவை, தன் பழைய சபையின் உறுப்பினர் என்று காட்டும் கடிதமில்லாமல் வந்து நின்றாள். சபையில் கொடுக்கும் இலவசக் கோதுமைக்காக வந்தவள் என்றே எனக்குப் பட்டது. சற்றுமுன்தான் போதகர், வேதாகமத்தில் விதவையான ரூத் தன் மாமியாரோடு அந்நிய ஊருக்குப் போனதை, உள்ளம் தன் கடவுளிடம் வீடுதிரும்பியதன் அடையாளமாக விளக்கியிருந்தார். அதையும் நான் நம்பவில்லை. உள்ளத்தை யார் பார்த்தது?

"கோதுமைக்காகத்தானேம்மா வந்தீங்க?"

"அதுக்கும்தாங்கய்யா. ரூத்தம்மாவும் கதிர் பொறுக்கத்தானே வயலுக்குப் போனா? வயித்துக்கு ஒருத்தி, உள்ளத்துக்கு ஒருத்தின்னு ரெண்டு ரூத்தாங்க இருந்தாங்க?"

அவள் பேரைக் கேட்டு எழுதினேன். என் பேரை எழுதியபோது எதற்காக வந்தாய் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறுத்தியது.