எட்டாம் மாதத்துக்காரி

ஓசூர் சிப்காட்டில் திம்மப்பனைப் பற்றி விசாரித்தால், "அந்தப் பிடிவாதக்காரனா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவார்கள். பேரிகைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பம். இரும்பு உருக்கும் பவுண்டரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவனை, ஒல்லிப்பிச்சான் என்று சொல்லி வாட்ச்மேன் துரத்திவிட்டான். மறுநாளும் போய் நின்றான். அதற்கு மறுநாளும் நின்றான். இவன் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் உள்ளே விட்டார்கள் என்பது அவனே சொல்லும் கதை. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன்தான். ஆனால் தொண்ணூற்றேழாம் வருஷம் அவன் செய்த காரியத்தில் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த வருஷம் அவன் மனைவி சாந்தம்மாவுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. கிருஷ்ணகிரி போகும் சாலையில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டு கிடந்தது.

எட்டாம் மாதம் என்பதுதான் வினையாகப் போயிற்று. ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்று அந்தப் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்று பாஷைக்காரர்களும் ஒன்றுபோல நம்பினார்கள். ஒரு மாதம் கூடுதலாக வயிற்றில் இருந்த பிள்ளை எப்படி மோசமாய்ப் போகும் என்று ஒருத்தராவது யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை. சாந்தம்மாவின் அக்கா வெங்கடம்மாளுக்கு எட்டில் பிறந்த பையன் தங்காமல் போனதைச் சாந்தம்மா கூடவே இருந்து பார்த்திருந்தாள். அதனால் டாக்டரம்மா மாதக் கணக்கைச் சொன்னதுமே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

"எனக்குக் காட்டாதீங்க. பாத்துட்டா மறக்க முடியாது" என்றாள்.

நர்ஸ் லூர்தம்மாள் வராந்தாவுக்கு வந்து திம்மப்பனைப் பிடித்தாள்.

"சட்டையக் கழட்டுங்க."

"எதுக்கு சிஸ்டர்? எனக்கா ஊசி?"

"குழந்தைய உங்க நெஞ்சோட கட்டணும். சூடு குடுக்கற பெட்டி இங்க ஒண்ணுதான், அதுல வேற குழந்தை இருக்குது. பெத்தவங்க உடம்புச் சூடு கெடைச்சா இதுங்க பொழைச்சுக்குதுன்னு டாக்டரம்மா வெளியூர்ல பாத்துட்டு வந்திருக்காங்க. அம்மா மாட்டேன்றாங்க. நீங்க இருக்கீங்கல்ல?"

வராந்தா முழுக்கப் பெண்கள். திம்மப்பன் சட்டைப் பொத்தானில் கையை வைத்தபடி நெளிந்தான். "கூசுது சிஸ்டர்" என்றான்.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா மாரம்மா கன்னடக்காரி. தலையைத் தூக்கிப் பார்த்தாள். "கூசுன்னா எங்க பாஷையில பச்சப்புள்ளப்பா. நீயே கூசுன்னு சொல்லிட்ட, வாங்கி வெச்சுக்க" என்றாள். வராந்தாவே சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகச் சட்டை கழன்றது.

குல்லாவும் காலுறையும் இடுப்பில் ஒரு துணியும் மட்டும் போட்டுக் குழந்தையை அவன் நெஞ்சில் நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் துணியால் கட்டி, அவனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முதலில் தெரிந்தது அதன் சில்லிப்புதான். தண்ணீர்ப் பானைக்கு அடியில் கிடந்த கல்லை எடுத்து வைத்த மாதிரி இருந்தது. வருஷக்கணக்காக உலைக்கு முன்னால் நின்றவன் அவன். சூடு என்றால் என்னவென்று தெரிந்தவன். தன் உடம்பிலும் ஒரு உயிருக்குக் கொடுக்கிற அளவு சூடு உண்டு என்பது அதுவரை தெரியாது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கல் இளகியது. குழந்தை மூச்சு விட மறந்துபோனால் முதுகைத் தேய்த்துவிடச் சொல்லியிருந்தாள் லூர்தம்மாள். ஒருமுறை அப்படி மறந்தும் போனது. தேய்த்துவிட்டான். குழந்தை திரும்ப மூச்சை இழுத்தபோது இவனுக்கும் போன உயிர் வந்தது.

அதன்பிறகு அவன் அந்த நாற்காலியை விட்டு எழுந்ததெல்லாம் சாப்பிடவும் ஒதுங்கவும் மட்டுந்தான். பவுண்டரியில் திம்மப்பன் பிள்ளைக்குப் பாலும் கொடுக்கிறானாம் என்று கேலி பறந்தது. சூப்பர்வைசர் யேசுராஜ் நல்ல மனுஷன், நேரிலேயே வந்து சொன்னார்.

"பர்மனென்ட் ஆகப்போற நேரம்ப்பா. இப்ப போயி லீவு போட்டா எப்படி?"

"உலைக்கு வேற ஆள் இருக்குது சார். இதுக்கு நான்தான் இருக்கறேன்" என்றான் திம்மப்பன்.

குழந்தையின் உடம்பில் சூடு நிலைத்தது. ஆனால் எடை ஏறவில்லை. டப்பாப் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பியது. லூர்தம்மாள் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்: "குடுக்க முடிஞ்சத நீங்க குடுத்துட்டீங்க. பால் அவங்கதான் குடுக்கணும். அவங்களுக்கு மாரு கட்டியிருக்குது. இப்படியே உட்டா வத்திடும். அப்புறம் என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

வெளியில் நின்றபடியே மனைவியிடம் பேசிப் பார்க்கலாமென்று, குழந்தையை லூர்தம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனான். பெண்கள் வார்டு வாசலில் வெங்கடம்மாள் இலைப் பொட்டலத்தோடு வந்துகொண்டிருந்தாள். மல்லிகை மணத்தது. திம்மப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாந்தம்மா பூக் கேட்கிறாள் என்றால் மனசு தேறிவிட்டாள் என்றுதானே அர்த்தம்!

"வெச்சு உடு அக்கா. மூஞ்சி களையா இருக்கும்."

வெங்கடம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "தலைக்கு இல்ல தம்பி. மாருல வெச்சுக் கட்டறதுக்கு. பால் வத்தணும்ல?"

பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குச் செய்கிற காரியம் அது. திம்மப்பனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "எம்மக உயிரோட இருக்கறாக்கா!" என்று கத்தினான்.

"எம்பையனும் உயிரோடதான் இருந்தான். அவன் போனப்புறம் மாரு கட்டிக்கிட்டு நான் பட்டத இவ பட வேணாம்னுதான்..."

இவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? திரும்பிப் போய்க் குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டான். ஆண்கள் வரக்கூடாத வார்டுக்குள் வெற்றுடம்போடு நேரே நடந்தான். உள்ளே இருந்தவர்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கூச்சல் போட்டார்கள். மாரம்மா மட்டும் வாளியை நகர்த்தி வழி விட்டாள்.

சாந்தம்மா சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"ஏழோ எட்டோ எனக்குத் தெரியாது. மூச்சு உடுது, அதான் தெரியும். நீ திரும்ப வேணாம். சத்தத்த மட்டும் கேளு."

கேட்க ஒரு சத்தமும் இல்லை. குழந்தை தலையை இப்படியும் அப்படியும் உருட்டி எதையோ தேடியது. அவன் நெஞ்சில் வாயை வைத்துச் சப்பிப் பார்த்தது. ஒன்றும் வராத கோபத்தில் முகம் சிவந்து, பிறந்ததிலிருந்து இல்லாத ஒரு அழுகையை அழுதது.

சாந்தம்மாவின் ரவிக்கை நனைந்தது. இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து அழுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை.

"பசிக்குதா அதுக்கு?" என்று சுவரைப் பார்த்தே கேட்டாள்.

"பசிக்குது."

"நீ என்னாத்தக் குடுக்கற?"

"எங்கிட்ட என்னா இருக்குது?"

மெதுவாகத் திரும்பினாள். பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடியே இருந்தாள். பிறகு அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

"யோவ், உன் நெஞ்சு முடியெல்லாம் அது வாய்க்குள்ள போவுதுய்யா! புள்ளய இப்படியா புடிப்பாங்க? குடு இங்க!"

தையல் போட்ட வயிற்றோடு அவளால் எழ முடியவில்லை. வெங்கடம்மாள் ஓடிவந்து தங்கையின் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். அழுதுகொண்டேதான் பிடித்தாள். அழுகையோடு அழுகையாக, "நீ இன்னும் இங்க என்னா தம்பி பண்ற? பொம்பளைங்க வார்டு, வெளிய போ" என்று விரட்டினாள்.

திம்மப்பன் வராந்தாவுக்கு வந்தான். ஒரு வாரமாகச் சூடாகவே இருந்த இடத்தில் காற்றுப் பட்டது. நெஞ்சு குளிர்ந்தது. அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்ற கூச்சமே இல்லாமல், வாய்விட்டு அழுதான்.