எல்லாரும் பச்சை

ரேடியோ அக்கா என்றால் அந்த அலுவலகத்தில் தெரியாதவர் கிடையாது. மூன்று நாடுகள் சேர்ந்து நடத்தும் நிவாரண அமைப்பு அது. அகதி முகாம்களுக்கு அரிசியும் மருந்தும் ஏற்றிப்போகும் வண்டிகளை மாலையானால் ஒவ்வொன்றாக ரேடியோவில் கூப்பிட்டு, ஓட்டுநர் பத்திரமா என்று கேட்பது அவள் வேலை. பக்கத்தில் இருப்பவர் பதில் சொன்னால் விடமாட்டாள். "ஏன், அவன் வாயில பூட்டா போட்டிருக்கு? அவனையே பேசச் சொல்லு" என்பாள். மாமியார் வீட்டில்கூட இத்தனை விசாரணை கிடையாது என்று ஓட்டுநர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

தம்பியை அங்கே ஓட்டுநராகச் சேர்த்துவிட்டவளும் அவள்தான். "உயிரோடதான் இருக்கேன் தாயே, ஆளை விடு" என்பான் அவன். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்கும்.

அப்புறம் வந்தது செயலி. தலைமையகம் அனுப்பியது. மாலையில் அவரவர் போனில் பச்சையைத் தட்டினால் பத்திரம், சிவப்பென்றால் ஆபத்து. மூன்று நாட்டு அதிகாரிகளும் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு புள்ளி போட்ட ஒரே வரைபடத்தைப் பார்க்கலாம். வண்டிகளிலிருந்த ரேடியோக்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்கள். அலுவலக ரேடியோவைத் துணிபோட்டு மூடிவிட்டு, அவளைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள்.

வந்த புதிதில் யாரோ ஒருவரின் சட்டைப்பையில் போன் தானாகச் சிவப்பை அழுத்தி, ஹெலிகாப்டர் வரைக்கும் கிளம்பி, மானம் கப்பலேறிவிட்டது. அதிலிருந்து சிவப்புக்கு மட்டும் ஒரு நிபந்தனை: போனுக்குச் சொந்தக்காரர் தன் முகத்தைக் காட்ட வேண்டும். பச்சைக்கு ஒரு தட்டு போதும். நன்றாக இருப்பவனை அப்படியே நம்புவார்களாம், ஆபத்தில் மாட்டியவன்தான் அத்தாட்சி காட்ட வேண்டுமாம். என்ன கூத்து பாருங்கள்!

மாதக்கணக்கில் எல்லாரும் பச்சை. ஒருவர்கூட ஒருநாள்கூட மறக்கவில்லை. ரேடியோ காலத்தில் தினமும் எவனாவது ஒருத்தன் தூங்கிப்போய் அவளிடம் வாங்கிக்கட்டிக்கொள்வான். இது என்னவோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. மேலாளரிடம் சொன்னாள்.

"எல்லாரும் நல்லா இருக்காங்கன்னா சந்தோஷப்படுங்கம்மா. இதுக்குப் போய் யாராவது பயப்படுவாங்களா?" என்று சிரித்தார் அவர்.

அன்று மாலையும் தம்பியின் புள்ளி பச்சையானது. விடுமுறைக்கு எப்போது வருகிறான் என்று கேட்க அவன் போனுக்கு அடித்தாள். எடுத்தது முகாம் காவலாளி.

"அவர் இன்னும் வரலையேக்கா."

"வராதவன் எப்படிடா பச்சையைத் தட்டினான்?"

காவலாளி மென்று முழுங்கினான். "வழியில சிக்னலே கிடையாதுக்கா. இங்கயும் தண்ணித் தொட்டி மேல ஏறினாத்தான் வரும். நாள் பூரா வண்டி ஓட்டிட்டு வந்து யாரு ஏறுவா? காலையிலயே எல்லாரும் போனை என்கிட்ட குடுத்துட்டுப் போயிடுவாங்க. சாயங்காலம் நான்தான் தட்டிவிடுவேன். இன்னிக்கும் பழக்கத்துல ஏறித் தட்டிட்டேன், இன்னும் மேலதான் நிக்கிறேன்."

"அவன் எப்ப திரும்பியிருக்கணும்?"

"மத்தியானமே. ஆத்துப் பாலத்துப் பக்கம் சுடுறாங்கன்னு பேச்சா இருக்குக்கா."

அவள் போனுக்குள் கத்தினாள். "பாவி, சிவப்பை அழுத்துடா!"

அவன் திரையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அழுத்திட்டேன். அவர் முகத்தைக் காட்டச் சொல்லுதுக்கா."

அவள் ஓடிப்போய் மேலாளரை இழுத்துவந்தாள். நல்ல மனுஷன்தான். முகம் வெளுத்து, உடனே மூன்று நாட்டு அதிகாரிகளையும் திரையில் கூட்டிவிட்டார். ஆனால் ஒருவர், வரைபடத்தில் பச்சையாகத்தானே இருக்கிறது என்றார். இன்னொருவர், சிவப்பு இல்லாமல் மீட்பு வண்டியை அனுப்பத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். மூன்றாமவருக்குச் சத்தமே கேட்கவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. நாசமாய்ப்போக!

அவள் எழுந்து மூலைக்குப் போனாள். துணியை உருவி எறிந்து ரேடியோவுக்கு ஒயரைச் சொருகினாள். தம்பி வண்டியில் ரேடியோவைக் கழற்ற ஆள் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவன் வண்டியைக் கூப்பிட்டாள். இரைச்சல். மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும்.

அந்தப் பக்கம் யாரோ பொத்தானை அழுத்தினார்கள். என்ஜின் ஓடும் சத்தம் கேட்டது.

"யாரும்மா பேசறது?" முன்பின் கேட்டிராத ஆண்குரல்.

"வண்டி ஓட்டுறவனோட அக்கா. அவன்கிட்ட குடுங்க. அவனையே பேசச் சொல்லுங்க."

என்ஜின் சத்தம் நின்றது. யாரோ சாவியைத் திருப்பி அணைத்திருக்க வேண்டும்.

"அம்மா, உங்களுக்குத் துணையா பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். திரை நிறைய முகங்கள். பச்சையைச் சிவப்பாக்க யாருக்கு அதிகாரம் என்று இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். மேலாளர் அவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"யாரும் இல்லைங்க" என்றாள். "நீங்க சொல்லுங்க."