அத்தையின் அரிவாளும் அண்ணன் வாங்கிய செடியும்

அண்ணனுக்குக் கருமாதி முடிந்ததும் அவனுடைய பாய், தலையணை, லுங்கி எல்லாவற்றையும் வெளியே போட்டார்கள். அதோடு சேர்த்து டிவி பக்கத்தில் இருந்த செடித் தொட்டியையும் அத்தை தூக்கினாள். நான் பிடுங்கிக்கொண்டேன்.

அது புரோமிலியாட் என்கிற அழகுச் செடி. லோடு வண்டி ஓட்டின அண்ணன், சேலத்தில் வெல்லம் இறக்கிவிட்டு வரும்போது ஒரு நர்சரியில் வாங்கியது. நடுவில் மிளகாய்ப்பழச் சிவப்பில் பூ.

"இன்னாடா இது, கல்வராயன் மலையில வெளையுற அன்னாசியா?" என்று அவன் கொண்டுவந்த அன்று அம்மா கேட்டாள்.

"அன்னாசி ஜாதிதாம்மா. ஆனா துன்ன முடியாது."

தண்ணீரை இலைகளுக்கு நடுவில் இருக்கிற குழியில்தான் ஊற்ற வேண்டும், பழைய தண்ணீரை அடிக்கடி மாற்றாவிட்டால் கொசு வரும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தான். அடுத்த லோடுக்குப் போனவன்மேல் லாரி ஏறிவிட்டது.

அப்புறம் பூ வெளுத்தது. இலை நுனி கருகியது. அண்ணன் போனில் இருந்த நர்சரிக்காரர் நம்பருக்குப் பேசினேன்.

"அது ஒருக்காத்தான் பூக்கும்மா. பூத்த செடி மெல்லச் சாவும். பக்கத்துல குட்டி வுடும்."

போனை வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். இதைத் தெரிந்தே வாங்கினானா, தெரியாமல் வாங்கினானா? கேட்க அவன் இல்லை. அவன்மேல்தான் கோபம் வந்தது.

குட்டி வந்தது. சேதி கேட்டு அத்தையும் வந்தாள், கையில் அரிவாளோடு. அத்தை வீட்டில் கரும்பு போடுகிறார்கள். வெட்டு முடிந்ததும் கட்டையை மண்மட்டத்துக்குச் சீவிவிடுவார்கள். அப்போதுதான் அதிலிருந்து மறுதாம்புக் கரும்பு நன்றாகக் கிளம்பும்.

"தள்ளுடி. தாயச் சீவுனாத்தான் குட்டி தெம்பா வரும்."

"இது கரும்பு இல்லத்த. குட்டி இன்னும் தாய்கிட்டதான் குடிச்சிக்கினு கீது."

"செத்தத வூட்ல வச்சிக்கினு அழுவுறியே, பாக்குறவங்க இன்னா சொல்லுவாங்க?"

"இன்னும் சாவல. சாவும்போது சாவட்டும். நீ எதுக்கு சீக்கிரமா அனுப்புற?"

தொட்டியை அணைத்தபடி கவிழ்ந்து உட்கார்ந்துகொண்டேன். இலை ஓரத்து முள் கையைக் கீறியது. நான் நகரவில்லை.

"எட்டாவது கூடத் தாண்டல, எனக்கு வெவசாயம் சொல்லித் தரா பாரு!" என்று அத்தை அம்மாவைப் பார்த்தாள்.

அதுவரை இந்தச் செடியைப் பற்றி அம்மா எனக்காக ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "அரிவாள வெளிய வச்சிட்டு வாங்க அண்ணி. டீ ஆறுது."

குட்டி இப்போது தாயில் பாதி உயரம். பிரித்து நடலாம் என்று நர்சரிக்காரர் சொல்லிவிட்டார். நான் பிரிக்கவில்லை. தாய் முக்கால்வாசி பழுப்பாகிவிட்டது. அதன் குழியிலும் தண்ணீர் மாற்றுகிறேன். உள்ளே நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில்தான் வைத்திருக்கிறேன்.

"இத்த இன்னுமா வச்சிக்கினு கீற?" என்று கேட்கிறார்கள்.

ஆமாம், வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.