வெட்டி எறிந்த முப்பத்து நான்கு வினாடிகள்

என் அத்தானுக்குச் சம்பளம் கொடுப்பதே மற்றவர்கள் பேசுவதை வெட்டி எறிவதற்குத்தான். அக்கா வீட்டுக்காரர் என்பதால் இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறேன்.

ஒரு படத்தின் டிஸ்க் வாங்கினால் அதில் இன்னொரு ஒலித்தடமும் இருக்கும். அதைப் போட்டால், படம் ஓட ஓட இயக்குநரோ நடிகரோ நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்கும். கமெண்டரி என்பார்கள். அந்தப் பேச்சைப் பதிவு செய்து, கேட்கும்படியாக ஆக்கித் தருகிற நிறுவனத்தில் அத்தான் பத்தொன்பது வருடமாக எடிட்டர். "கேக்குற மாதிரி ஆக்குறேன்" என்று அவர் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

நான் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருக்கிறேன். நாள் முழுக்க வாய் வீங்கியவர்களோடு காலம் தள்ளுவதால், சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்ததும் கொட்டித் தீர்ப்பேன். ஒருநாள் அப்படி ஒரு நோயாளியின் கதையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அத்தான் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கும்மா. முதல் ரெண்டு நிமிஷத்த எடுத்துட்டா இன்னும் நல்லா இருக்கும்" என்றார். ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை அவர் கவனித்தாரா என்பதே சந்தேகம்தான்.

அவருடைய பதிவறையை ஒருதரம் போய்ப் பார்த்தேன். சுவரெல்லாம் கம்பளம். சத்தம் வரும் என்று ஏசியை அணைத்துவிடுவார்கள். ஒரு டிவி, இரண்டு மைக், ஒரு தண்ணீர் ஜாடி. பேச வருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை என்பார் அத்தான். வெளியே காபி குடிக்கும்போது அத்தனை சுவாரசியமாகப் பேசுகிறவர்கள், உள்ளே போய் ஹெட்போனை மாட்டியதும் வேறு ஆளாகிவிடுவார்களாம். "இப்ப இவரு படியேறுறாரு" என்பார் ஒருவர். "அதான் தெரியுதே சார்" என்று தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அத்தான் முணுமுணுப்பார். "இப்ப கதவைத் தட்டுறாரு." படம் முடிகிறவரை இதே கதைதான்.

மூன்று நடிகர்கள் சேர்ந்து வந்தார்கள். திரையில் ஒரு ஆடு வந்தது. "அந்த ஆடு!" என்றார் ஒருவர். மூன்று பேரும் நாலு நிமிடம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆடு என்ன செய்தது என்று கடைசிவரை சொல்லவே இல்லை. பதிவு முடிந்ததும் அத்தான் வெட்கத்தை விட்டுக் கேட்டிருக்கிறார். "அது நேர்ல இருந்திருந்தாத்தான் சார் புரியும்" என்று கிளம்பிப் போய்விட்டார்கள். அந்த ஆட்டைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் பேச்சு ஓய்ந்தபாடில்லை.

ஒரு இயக்குநர் தன் படத்திலேயே லயித்துப்போய்ப் பதினோரு நிமிடம் வாயைத் திறக்கவில்லை. கடைசியில், "நல்லாத்தான் எடுத்திருக்கேன், இல்ல?" என்றாராம். ஒரு நடிகை அன்றைக்குத்தான் தன் படத்தை முதல்முறையாகப் பார்க்கிறார். பாதியில் அத்தான் பக்கம் திரும்பி, "அப்புறம் என்ன ஆகுது?" என்று கேட்டார். மற்றபடி எல்லோருக்கும் படப்பிடிப்பு நடந்த நாளெல்லாம் ஒன்று கொட்டும் மழை, இல்லையென்றால் மண்டையைப் பிளக்கும் வெயில். சாதாரணமான ஒரு நாளில் யாருமே படம் எடுத்ததில்லை போலிருக்கிறது.

ஆனால் அத்தானுக்கு ஆகவே ஆகாதது பாராட்டுதான். "இவர் அற்புதமான நடிகர், அவர் அற்புதமான மனிதர், எல்லாரும் ஒரே குடும்பமா இருந்தோம்." இதைத் தினமும் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துவிட்டது. எடிட் செய்யும்போது பேச்சு கம்ப்யூட்டர் திரையில் கோடுகளாகத் தெரியும் அல்லவா? யோசித்துப் பேசுகிற இடத்தில் கோடு ஏறும், இறங்கும், நடுவில் அறுந்து நிற்கும். பாராட்டு மட்டும் ஒரே உயரத்தில் வழவழவென்று போகும். அதனால் அவர் கேட்டுப் பார்ப்பதையே விட்டுவிட்டார். கண்ணால் பார்ப்பார், வெட்டுவார். இத்தனை வருடத்தில் ஒருதரம்கூடத் தப்பியதில்லை என்று எங்களிடம் பெருமையடித்துக்கொள்வார்.

அக்காவுக்கும் சத்தம்தான் தொழில். அவளுடையது வேறொரு ஸ்டுடியோ. படங்களில் நாம் கேட்கிற காலடிச் சத்தம் பெரும்பாலும் நடிகர்களுடையது இல்லை. பிறகு ஒருவர் திரையைப் பார்த்து, அதற்கேற்ப நடந்து பதிவு செய்கிறார். எஃபெக்ட்ஸ் என்பார்கள். மணல் பரப்பிய பெட்டி, சரளைக்கல் பெட்டி, மரப்பலகை, சிமெண்டுத் தரை, மூட்டை மூட்டையாகப் பழைய செருப்பு, ஷூ. அதற்கு நடுவில் என் அக்கா இருபத்திரண்டு வருடமாக நடந்துகொண்டிருக்கிறாள். ஆள் என்னவோ குச்சி மாதிரிதான். திரையில் தொண்ணூறு கிலோ வில்லன் நடந்து வந்து நாம் நடுங்கினோம் என்றால், அது இவள் காலாக இருக்கும். பெயர் படத்தின் கடைசியில், எல்லோரும் எழுந்து போன பிறகு, பொடி எழுத்தில் ஓடும். அதைப் பற்றி அவள் புலம்பி நான் கேட்டதில்லை. அவளுக்குப் பதிலாக நான்தான் புலம்புவேன்.

போன வருடம் ஒரு படம் வந்தது. ஏழு வருடம் சிறையில் இருந்தவன் விடுதலையாகி வீட்டுக்கு வருகிறான். சமையலறையில் மனைவி முதுகைக் காட்டி நிற்கிறாள். வீட்டு நடைவழியில் அவன் வருகிற காலடி கேட்கிறது. அவள் திரும்பவில்லை. அந்தச் சத்தத்தை வைத்தே அவனை என்ன பாடுபடுத்தியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. நாலு நிமிடம் வசனமும் இல்லை, இசையும் இல்லை. பத்திரிகைகள் இயக்குநரின் மௌனத்தைப் புகழ்ந்தன, நடிகையின் முதுகைப் புகழ்ந்தன. அந்த நாலு நிமிடமும் கேட்கிற ஒரே சத்தத்தைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

அதன் டிஸ்க் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, அந்த இயக்குநர் அக்காவை ஸ்டுடியோ வராந்தாவில் பார்த்து, "கமெண்டரியில உங்களைப் பத்திச் சொல்லியிருக்கேன்மா, கேளுங்க" என்றிருக்கிறார். அக்கா அன்று மாலை என்னிடம் மட்டும் இதைச் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் இருந்த விதத்தை நான் மறக்க மாட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் யாரோ ஒருவர் அவள் வேலையை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

"அத்தான்கிட்ட சொன்னியா?" என்றேன்.

"அவரு கையாலதானே எடிட் ஆகியிருக்கும்? தெரிஞ்சுக்கிட்டே கமுக்கமா இருக்காரு பாரு. இருக்கட்டும். அவரா போட்டுக் காட்டட்டும்."

அவருக்குத் தெரியவே தெரியாது என்று நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை. அந்த இயக்குநர் பேசிய அன்று அத்தான் பதிவறையில் இல்லை. எங்கள் மருத்துவமனையில் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். சீட்டு போட்டுக் கொடுத்தவளே நான்தான். வேறொருவர் பதிவு செய்ததை மறுநாள், வீங்கிய கன்னத்தோடு, அத்தான் வெட்டிச் சீராக்கினார்.

டிஸ்க் வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் நாலு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். கல்லூரியில் படிக்கிற அக்கா மகள்கூட போனைக் கீழே வைத்திருந்தாள். அக்கா தலையை வாரி, விருந்தாளி வருகிற வீடு போல இரண்டு தரம் சோபா விரிப்பைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தாள். "இது நல்லா வந்திருக்கு. குப்பையெல்லாம் எடுத்துட்டேன்" என்றார் அத்தான்.

உண்மையிலேயே நன்றாக இருந்தது. அந்த இடமும் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னார் இயக்குநர். நடிகை திரும்பாமல் நிற்க எத்தனை டேக் ஆனது என்று சொன்னார். பிறகு பேச்சு நின்று, காலடிகள் மட்டும் கேட்டன. அக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த காட்சி வந்தது. அவர் வேறு எதையோ பேச ஆரம்பித்தார். இனிமேல் சொல்வார், இனிமேல் சொல்வார் என்று அக்கா கடைசி எழுத்து ஓடி முடிகிறவரை அசையாமல் இருந்தாள். திரை கறுத்த பிறகுதான் அத்தானைப் பார்த்தாள்.

"என்னைப் பத்திச் சொல்லியிருக்கேன்னு சொன்னாருங்க."

"யாரு?"

"டைரக்டர். வராந்தாவுல வெச்சு."

அத்தான் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தக் காட்சியில் ஒரு துண்டு எடுத்தது அவருக்கு நினைவிருந்தது. அதில் என்ன இருந்தது என்று மட்டும் தெரியாது.

"வெட்டுறதுக்கு முன்னாடி ஒருதடவ காதுல வாங்க மாட்டீங்களா?" என்று கத்திவிட்டேன். "ஊர்ல இருக்குறவன் பேச்சையெல்லாம் அளந்து அளந்து வெட்டுவீங்க, சொந்தப் பொண்டாட்டி பேரு வர்ற எடத்துல கண்ணு எங்க போச்சு?"

"விடுடி" என்றாள் அக்கா. அத்தான் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். விடுமுறை நாளில் காவலாளியைக் கெஞ்சி அறையைத் திறக்கச் செய்து, வெட்டிப் போட்டதைத் தேடி எடுத்து, ஒரு மணி நேரத்தில் லேப்டாப்போடு திரும்பி வந்தார். வியர்த்து வழிந்தது. "முப்பத்து நாலு செகண்டு" என்று சொல்லி, அக்காவின் எதிரில் வைத்துப் போட்டார்.

இயக்குநரின் குரல் உற்சாகமாகப் பேசியது. இந்தக் காட்சியில் எல்லாருமே பிரமாதமாகச் செய்திருந்தார்கள். ஒளிப்பதிவாளர் அற்புதம். கலை இயக்குநர் அற்புதம். "அப்புறம் இந்த எஃபெக்ட்ஸ் போட்டாங்களே, ஒரு அம்மா, அவங்களும் அற்புதமான கலைஞர். ரொம்ப அற்புதமான வேலை. எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி."

"இன்னொருக்கா போடுங்க" என்றாள் அக்கா. போட்டார். கேட்டாள். பிறகு லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

"நீங்க வெட்டினது சரிதாங்க."

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அத்தான்தான் பதறினார். "இல்லம்மா, அற்புதம்னு உனக்கு மட்டும் ரெண்டு தடவ சொல்றாரு பாரு. மத்தவங்களுக்கு ஒருதடவதான்." பத்தொன்பது வருடமாகப் பாராட்டைக் கண்டாலே கத்தியை எடுக்கிற மனிதர், ஒரு அற்புதத்துக்காக மன்றாடிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிடமே போய்விட்டது.

"பேருகூடத் தெரியல அவருக்கு" என்றாள் அக்கா. "போகட்டும். நான் என்ன பண்ணினேன்னு தெரியலியே."

 பிறகு அத்தான் கேட்டார், "என்ன பண்ணினே?"

அவர் அதுவரை அதைக் கேட்டதே இல்லை. அக்காவும் அவரைக் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் பார்த்தாள். பிறகு ரிமோட்டை எடுத்துப் படத்தைப் பின்னுக்கு ஓட்டி, அந்த நாலு நிமிடத்தை மறுபடி போட்டாள்.

"நொண்டுற மாதிரி போடுங்கன்னுதான் அவரு சொன்னாரு" என்றாள். "போட்டுப் பார்த்தேன். பொய்யா இருந்துச்சு. ஒரு கால் வீணாப்போனவன்... வீட்டுக்கு வரும்போது நொண்ட மாட்டான். நல்லா நடக்குற மாதிரி காட்டிக்கத்தான் பார்ப்பான். கேளுங்க. வலது கால் அழுத்தமா விழுது பாருங்க, தேவைக்கு மேல அழுத்தமா. அது நல்ல கால். அந்தச் சத்தத்துல மத்ததை மறைக்கிறான். இப்ப ஒரு இடைவெளி... இடது கால் வர யோசிக்குது. வந்துருச்சு. உடனே வேகமா அடுத்த அடி, யாரும் கவனிக்கக் கூடாதுன்னு."

நடிகையின் முதுகு திரையில் அசையாமல் நின்றது.

"அப்பா நடை" என்றாள் அக்கா. "கால் அடிபட்டு ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தாரே, அன்னிக்கு. அம்மா இப்படித்தான் அடுப்பு முன்னாடி நின்னாங்க. அவரு நடைவழியில வர்றாரு, சும்மா கடைக்குப் போய்ட்டு வர்ற மாதிரி. எனக்கு அந்தச் சத்தம் மட்டும் போகவே இல்ல. ஸ்டுடியோவுல ஒரே டேக்."

அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்த அன்று எனக்குப் பதினொரு வயது. அதே வீட்டில்தான் இருந்தேன். அதே காலடியை நானும் கேட்டிருக்கிறேன்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்டி" என்றாள் அக்கா என்னிடம்.

தெரியவில்லை. அந்தப் படத்தை நான் தியேட்டரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தேன். இந்த இடம் வந்தபோது அவள் கையைத் தட்டி, "இந்த ஆளு எப்படி நடந்திருக்கான் பாருக்கா, என்ன நடிப்பு" என்றேன்.

"ஆமா, நல்லா நடந்திருக்காரு" என்று மட்டும் அக்கா அன்றைக்குச் சொன்னாள்.